பகிர்ந்து சுமக்கும் துயரம்: மறுமலர்ச்சிக் காலத் தேவாலயப் பல்குரல் இசை

15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பியத் தேவாலயங்களுக்காக எழுதப்பட்ட பல்குரல் இசை, தான் பிறந்த உலகத்தை இழந்து நெடுங்காலம் ஆகிறது. அதைப் பேணி வளர்த்த சிற்றரசுகள் மறைந்துவிட்டன. அதன் மொழியான லத்தீன் இன்று எவருக்கும் தாய்மொழி அல்ல. 1960களில், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைத் தொடர்ந்து, கத்தோலிக்கத் திருப்பலியே அந்தந்த நாட்டு மக்களின் மொழிக்கு மாறியது. இத்தனைக்குப் பிறகும் ஜோஸ்கன் தெ ப்ரே, பலஸ்த்ரீனா, வில்லியம் பேர்ட், விக்டோரியா ஆகியோரின் படைப்புகள் பாடப்படுகின்றன. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் அவற்றைக் கேட்டு நெகிழ்கிறார்கள். அந்த இசை தூய்மையானது, தெய்விகமானது என்று இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். இரண்டுமே பாராட்டுரைகள், எதையும் விளக்குவதில்லை. என் வாதம் இது: இந்த இசையில் உணர்ச்சி எந்த ஒரு தனிக்குரலுக்கும் உடைமையாக இல்லை. ஒரு மனிதனின் துயரமோ ஏக்கமோ பல குரல்களுக்குப் பங்கிடப்பட்டு, கடுமையான ஒழுங்குக்குள் வைத்துத் தாங்கப்படுகிறது. கேட்பவரைத் தொடுவது அந்தத் தாங்குதல்தான். இந்த இசையின் ஆன்மிக ஆற்றலும் அங்கிருந்தே பிறக்கிறது.

முதலில் அமைப்பைப் பார்க்கலாம். நான்கு, ஐந்து, ஆறு எனப் பல குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு மெட்டுகளைப் பாடுகின்றன. ஒன்று முதன்மை, மற்றவை பக்கத்துணை என்ற ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் இல்லை. ஒரு குரல் ஒரு தொடரை எடுக்கிறது. சற்றுப் பின்னால் இரண்டாவது குரல் அதே மெட்டை வேறொரு சுரத்திலிருந்து எடுக்கிறது. பிறகு மூன்றாவதும் நான்காவதும் சேர்கின்றன. முதல் குரல் தன் தொடரை முடித்து மூச்சு வாங்கும் நேரத்தில் மற்றவை இன்னும் பாதிவழியில் இருக்கின்றன. அதனால் பாடகர் ஒவ்வொருவரும் நிறுத்தி மூச்சு வாங்கினாலும் இசை நிற்பதில்லை. சொற்களின் அழுத்தமும் எல்லாக் குரல்களிலும் ஒரே நொடியில் விழுவதில்லை. ஒருவர் இறங்கும்போது மற்றொருவர் ஏறுகிறார். உணர்ச்சியின் உச்சம் எனச் சுட்டத்தக்க ஒற்றை இடம் அரிதாகவே அமைகிறது; அது குரலுக்குக் குரல் கைமாறிக்கொண்டே இருக்கிறது. பிற்கால ஆப்பெராவில் ஒரு கதாபாத்திரம் மேடையின் நடுவில் நின்று தன் வேதனையைச் சொல்லும். நாம் அதைப் பார்த்து இரங்குவோம். இங்கே அப்படி ஒரு கதாபாத்திரம் இல்லை. யாருடைய வேதனை என்று பிரித்துச் சொல்ல முடியாததால், கேட்பவர் வெளியே நிற்கும் பார்வையாளராகவே இருந்துவிட முடிவதில்லை.

இந்தக் கட்டுமானத்தின் உயிர்நாடி முரண்சுரங்களைக் கையாளும் முறையில் இருக்கிறது. ஒரு குரல் மற்றவற்றோடு இசைவான ஒரு சுரத்தில் நிற்கிறது. அது அங்கேயே நீடிக்க, வேறொரு குரல் நகர்கிறது. நகர்ந்த மாத்திரத்தில், அதுவரை இசைவாக இருந்த சுரம் உறுத்தத் தொடங்குகிறது. சிறிது நேரம் அந்த உறுத்தல் நீடித்த பின், நின்ற குரல் ஒரே ஒரு படி கீழிறங்கி இசைவை மீட்கிறது. ஆயத்தம், உறுத்தல், தீர்வு என்ற இந்த மூன்று நிலைகளையும் கடக்காமல் வலுவான முரண்சுரம் எதுவும் வரக்கூடாது என்பது பலஸ்த்ரீனா பாணியின் அடிப்படை ஒழுக்கம். 1725இல் வியன்னாவில் யோகான் யோசெஃப் ஃபுக்ஸ் இதை மாணவர்களுக்கான விதிகளாக்கினார். 1920களில் டென்மார்க் இசையறிஞர் க்னுட் யெப்பெசன் பலஸ்த்ரீனாவின் படைப்புகளையே நுணுகி ஆராய்ந்து, முரண்சுரம் அங்கே எவ்வளவு கவனமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது என்று காட்டினார். இந்த ஒழுக்கத்துக்குள் ஓர் ஆழ்ந்த மனித உண்மை இருக்கிறது. உறுத்தலுக்கு உள்ளாகும் குரல் தவறேதும் செய்யவில்லை. அது தன் இடத்தில்தான் நின்றது. சூழல் மாறியதால் அதற்கு வலி வந்தது. அந்த வலி மறுக்கப்படவில்லை, பெருக்கிக் காட்டப்படவும் இல்லை. உரிய நேரம் வரை தாங்கப்பட்டு, தாழ்ந்து கொடுப்பதன் மூலம் தீர்கிறது. 1991இல் பிரிட்டிஷ் உளவியலாளர் ஜான் ஸ்லோபோடா வெளியிட்ட ஆய்வில், எந்த இடத்தில் கண்ணீர் வந்தது என்று கேட்பவர்கள் சுட்டிய இசைப்பகுதிகளில், இசைவோடு உறுத்தி நின்று பின் படியிறங்கித் தீரும் சுரங்கள் அடிக்கடி இடம்பெற்றிருந்தன. அவர் ஆராய்ந்தது இந்தக் கால இசையை மட்டும் அல்ல. ஆனால் பல்குரல் இசைஞர்கள் தங்கள் கலையின் அடித்தளமாக வைத்ததும் இதே வகை நுட்பம்தான்.

நுட்பம் மட்டும் போதாது. அது எந்த அனுபவத்தைத் தாங்கியது என்பதையும் பார்க்க வேண்டும். 1498 மே 23 அன்று ஃப்ளோரன்ஸ் நகரத்தில் ஜிரோலமோ சவனரோலா என்ற தோமினிக்கன் துறவி தூக்கிலிடப்பட்டு எரிக்கப்பட்டார். சித்திரவதைக்குப் பின், சிறையில், தாவீது அரசரின் பாவமன்னிப்பு வேண்டலாக மரபு கருதும் 51ஆம் திருப்பாடலைப் பற்றி அவர் ஒரு தியான உரை எழுதினார். அது அச்சேறி ஐரோப்பா முழுதும் பரவியது. சவனரோலா பிறந்த ஊரான ஃபெராராவை ஆண்ட எர்கோலே தெஸ்தே கோமகன் அவரிடம் பெருமதிப்புக் கொண்டிருந்தவர். 1503இல் தன் அவைக்கு வந்த ஜோஸ்கனிடம் அதே திருப்பாடலுக்கு இசையமைக்கச் சொன்னதும் அவரே. ஜோஸ்கனின் ஐந்து குரல் ‘மிசரேரே’ அப்படிப் பிறந்தது. சவனரோலாவின் தியானத்தில் இரக்கம் வேண்டும் மன்றாட்டு திரும்பத் திரும்ப வருவதுபோல, இந்த இசையிலும் அதே மன்றாட்டு திருப்பாடல் வசனங்களின் முடிவில் மீண்டும் மீண்டும் வருகிறது.

ஜோஸ்கன் அந்த மன்றாட்டுக்குக் கொடுத்த மெட்டு வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. ஒரே சுரம் அசைக்கு அசை திரும்ப ஒலிக்கிறது; கடவுளின் பெயர் வரும் இடத்தில் மட்டும் ஒரு படி மேலேறி, உடனே பழைய இடத்துக்கு இறங்கிவிடுகிறது. ஒரு டெனர் குரல் இதை மட்டுமே பாடுகிறது. முதல் பகுதியில் ஒவ்வொரு முறையும் ஒரு சுரம் தாழ்ந்து தாழ்ந்து முழு எண்சுர இடைவெளியையும் இறங்கிக் கடக்கிறது. இரண்டாம் பகுதியில் படிப்படியாக ஏறுகிறது. மூன்றாம் பகுதியில் மறுபடியும் இறங்கத் தொடங்கி, தொடங்கிய இடத்துக்குக் கீழே ஐந்தாம் சுரத்தில் நின்றுவிடுகிறது. தனிக்குரலாக அதைக் கேட்டால் தளர்ந்த மனிதன் ஒருவனின் முணுமுணுப்பு போல இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த மன்றாட்டு வரும்போது மற்ற நான்கு குரல்களும் அதே சொற்களோடு அதில் சேர்ந்துகொள்கின்றன. குற்றத்தை ஒப்புக்கொள்பவன் ஒருவன். இரக்கம் கேட்பவர்கள் எல்லோரும். திருப்பாடலின் கருத்துக்கு வெறும் அலங்காரமாக இந்த இசை நிற்கவில்லை. தனி மனிதனின் கழிவிரக்கத்தை ஒரு சமூகத்தின் வேண்டுதலாக மாற்றும் வேலையை அதுவே செய்கிறது. பல்குரல் இசையின் ஆடம்பரத்தைச் சவனரோலா தம் பிரசங்கங்களில் கண்டித்தவர் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அவருடைய இறுதிச் சொற்களோடு நெருங்கிய உறவு கொண்ட படைப்பில், ஜோஸ்கன் அந்த ஆடம்பரத்தைத் துறந்து ஒரே சுரத்தின் மீது முழு எடையையும் வைத்தார்.

அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்து இங்கிலாந்துக்கு வந்தால், பங்கிடப்பட்ட துயரம் என்பது வரலாற்று நடப்பாகவே நிற்பதைக் காணலாம். வில்லியம் பேர்ட் 1570 முதல் எலிசபெத் அரசியின் அரச தேவாலயப் பாடகர். அதே வேளையில் கத்தோலிக்கர். 1581இல் வந்த சட்டம், அரசு திருச்சபையின் வழிபாட்டுக்கு வராதவர்களுக்கு மாதம் 20 பவுண்டு தண்டம் விதித்தது. திருப்பலியில் பங்கேற்பவருக்கு ஓராண்டுச் சிறையும் உண்டு. 1589இல் பேர்ட் வெளியிட்ட தொகுப்பில், எருசலேம் பாழாகிவிட்டது என்று ஏசாயா நூலின் சொற்களில் புலம்பும் மோட்டெட் என்ற வகைச் சமயப் பாடல் ஒன்று இருக்கிறது. குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதை நிறுத்தி, ஒரே நேரத்தில் ஒரே சொற்களை மெல்ல உச்சரிக்கும் இடம் அதில் வருகிறது. அதன்பின் நகரத்தின் பாழ்நிலையைச் சொல்லும் தொடர் குரலுக்குக் குரல் மாறி மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. விவிலியச் சொற்கள் என்பதால் தணிக்கைக்கு அதில் பிடி இல்லை. ஆனால் எந்த நகரத்துக்காக அழுகிறோம் என்பது மறைவில் வழிபட்ட கத்தோலிக்கர்களுக்குத் தெரியும்.

1592க்கும் 1595க்கும் இடையில் பேர்ட் மூன்று, நான்கு, ஐந்து குரல்களுக்கான மூன்று திருப்பலி இசைகளை அச்சிட்டார். தலைப்புப் பக்கம் இல்லை, ஆண்டு இல்லை, அச்சகத்தின் பெயர் இல்லை. பேர்டின் பெயர் மட்டும் பக்கங்களின் தலைப்பில் இருந்தது. நான்கு குரல் திருப்பலியின் இறுதிப் பகுதியான ‘ஆக்னுஸ் தேயி’ இரண்டு குரல்களோடு தொடங்குகிறது. இரண்டாவது வேண்டலில் குரல்கள் மூன்றாகின்றன. மூன்றாவதில் நான்கும் சேர்கின்றன. சமாதானம் வேண்டும் இறுதிச் சொற்களில், முன்பு விவரித்த முரண்சுரங்கள் சங்கிலியாக வருகின்றன: ஒரு குரலின் உறுத்தல் தீரும் நேரத்தில் இன்னொரு குரலில் அது தொடங்கிவிடுகிறது. சமாதானம் வந்துவிட்டது என்று இந்த இசை பொய் சொல்லவில்லை. அது வராத காலத்தில் அதை எப்படிக் கேட்பது என்று காட்டுகிறது. ஒருவர் தளரும்போது அடுத்தவர் சுமையை ஏற்றுக்கொள்கிறார். கடைசி இசைவுக்கு எல்லோரும் ஒன்றாக வந்து சேர்கிறார்கள். 1605இல் வெளிவந்த தம் ‘கிராதுவாலியா’ தொகுப்பின் முன்னுரையில், புனிதச் சொற்களை ஆழ்ந்து எண்ணுபவருக்குப் பொருத்தமான சுரங்கள் தாமாகவே வந்துசேரும் என்ற கருத்தை பேர்ட் எழுதினார். அதே ஆண்டு அந்தத் தொகுப்பை வைத்திருந்ததற்காக ஷார்ல் தெ லினி என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் கைதானார். இசைப்புத்தகத்தில் இருந்த ஆற்றலை அரசு சரியாகவே கணித்திருந்தது.

ஸ்பெயினின் தொமாஸ் லூயிஸ் தெ விக்டோரியாவிடம் இதே பண்பு வேறொரு வடிவம் கொள்கிறது. அவர் குரு, சமயம் சாராத பாடல் எதையும் அவர் வெளியிட்டதில்லை. 1587 முதல் மத்ரித் நகரின் தெஸ்கால்சாஸ் ரியாலெஸ் மடத்தில், அரசர் இரண்டாம் பிலிப்பின் சகோதரியான பேரரசி மரியாவுக்குப் பணிபுரிந்தார். 1603இல் பேரரசி இறந்தபோது விக்டோரியா எழுதி 1605இல் அச்சிட்ட இறந்தோர் வழிபாட்டு இசை ஆறு குரல்களுக்கானது. பழைய கிரெகோரியப் பாட்டின் மெட்டை அவர் பெரும்பாலும் இரண்டாவது உச்சக்குரலிடம் நீண்ட சுரங்களாகக் கொடுத்திருக்கிறார். சுற்றிலும் மற்ற ஐந்து குரல்கள் நகர்கின்றன. ஏழைக்கும் பேரரசிக்கும் ஒன்றுபோலப் பாடப்பட்டது அந்தப் பழைய மெட்டு. பல ஆண்டுகள் தாம் அருகிலிருந்து பணிசெய்த ஒருவரின் மரணத்துக்கு எழுதும்போது, விக்டோரியா தம் சொந்த இழப்பைச் சொல்லப் புதிய மெட்டைத் தேடவில்லை. எல்லோருக்கும் பொதுவான மெட்டை நடுவில் வைத்து, தம் கலையை அதைச் சுற்றிக் கட்டினார்.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு அந்தக் காலத்திலேயே எழுந்தது. பல குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று பாடினால் சொற்கள் புரியாது. புரியாத இடத்தில் பக்தி எங்கே என்று அறிஞர் எராஸ்மஸ் கேட்டார். 1562இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் வழிபாட்டு இசையிலிருந்து தகாதவற்றை நீக்கும்படி ஆணையிட்டது. 1565 ஏப்ரலில் ரோமில், கர்தினால் வித்தெல்லோட்ஸோ வித்தெல்லியின் வீட்டில், சொற்கள் கேட்கின்றனவா என்று சோதிப்பதற்காகவே பாடகர்கள் திருப்பலி இசைகளைப் பாடிக்காட்டினர். பலஸ்த்ரீனாவின் ‘மார்செல்லுஸ் திருத்தந்தைத் திருப்பலி’ பல்குரல் இசையைத் தடையிலிருந்து காப்பாற்றியது என்ற கதை பின்னால் கட்டப்பட்டது. ஆனால் 1567இல் அச்சான அந்தப் படைப்பு, சொற்கள் மிகுந்த பகுதிகளில் எல்லாக் குரல்களையும் சேர்ந்தே உச்சரிக்க வைக்கிறது என்பது உண்மை. சில சொற்களே உள்ள தொடக்க, இறுதி வேண்டல்களில் குரல்கள் மறுபடியும் விரிந்து பின்னுகின்றன. இந்த வேறுபாட்டில்தான் மறுப்புக்கான பதிலும் இருக்கிறது. நம்பிக்கை அறிக்கை தெளிவாகக் கேட்க வேண்டிய செய்தி. இரக்கம் வேண்டுவது செய்தி அல்ல. அந்தச் சொற்கள் பாடுவோருக்கும் கேட்போருக்கும் ஏற்கெனவே மனப்பாடம். தெரிந்த சொல்லை மீண்டும் மீண்டும் பல வாய்கள் சொல்லும்போது அதன் பொருள் குறைவதில்லை, கனம் கூடுகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. நாம் உணர்வது மறுமலர்ச்சிக் கால இசையின் ஆற்றலே அல்ல. பிற்காலம் கட்டிய ஒரு கற்பனை என்கிறது அது. பலஸ்த்ரீனாவை மாசற்ற தூய்மையின் அடையாளமாக உயர்த்தியதில் 1814இல் ஜெர்மன் எழுத்தாளர் எ.தி.ஆ. ஹோஃப்மன் எழுதிய கட்டுரைக்கும் 19ஆம் நூற்றாண்டின் சமய இசைச் சீர்திருத்தங்களுக்கும் பெரும்பங்கு உண்டு. கருவிகள் இல்லாத வெறும் குரலிசை என்ற எண்ணம் திருத்தந்தையின் சிஸ்டைன் ஆலயத்துக்குப் பொருந்தும், எல்லா இடங்களுக்கும் பொருந்தாது. செவில் பேராலயம் 1526இலேயே ஊதுகருவிக் கலைஞர்களை நிரந்தரமாக அமர்த்தியது. பேராலயத்தின் நீண்ட எதிரொலியும் இன்றைய ஒலிப்பதிவுகளும் நம் உணர்வில் பாதியை உண்டாக்கிவிடுகின்றன என்றும் சொல்லலாம். இவற்றை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இவை தூய்மை என்ற விளக்கத்தைத்தான் வீழ்த்துகின்றன. பேர்டின் திருப்பலிகள் தனி வீடுகளில், எதிரொலி குறைந்த அறைகளில், சில பேர் கூடிப் பாடவே எழுதப்பட்டவை. 1586இல் ரிச்சர்ட் போல்ட் என்பவரின் கிராமத்து மாளிகையில் பேர்டையும் மறைவாக இயங்கிய குருக்களையும் சந்தித்த இயேசு சபைத் துறவி வில்லியம் வெஸ்டன், அங்கே இசைக்கருவிகளோடும் ஆண், பெண் குரல்களோடும் வழிபாடு நடந்ததைப் பதிவு செய்திருக்கிறார். வளைவுக் கூரையும் தொலைதூர எதிரொலியும் அங்கே இல்லை. பிடிபட்டால் தண்டனை என்ற அச்சம் இருந்தது. குரல்களின் கூட்டு இருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

மூன்றாவது மறுப்பு சமூக வரலாற்றிலிருந்து வருகிறது. தனி மனிதனின் அகந்தை கரையும் இசை என்கிறீர்களே, அதைச் செய்வித்தது இளவரசர்களின் அகந்தை அல்லவா? இதற்குச் சான்றும் இருக்கிறது. 1502இல் எர்கோலேயின் முகவர் ஒருவர், ஹைன்ரிஹ் இசாக் என்ற இசைஞரை அமர்த்துமாறு பரிந்துரைத்தார். ஜோஸ்கன் சிறந்த இசைஞர்தான். ஆனால் தனக்கு விருப்பமானபோதுதான் எழுதுவார், 200 தூக்காத்து நாணயங்கள் கேட்கிறார், இசாக் 120க்கு வருவார் என்பது அவர் கணக்கு. கோமகன் ஜோஸ்கனையே தேர்ந்தார். புகழும் போட்டியும் பணமும் இந்த இசையின் பிறப்பில் கலந்திருப்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு படைப்பு எந்தப் பணத்தில் பிறந்தது என்பதும், அதன் உள்ளமைப்பு பாடுபவரிடம் எதைக் கோருகிறது என்பதும் தனித்தனிக் கேள்விகள். கோமகனின் பெருமைக்காகச் சம்பளம் வாங்கிய பாடகரும், பாடும் நேரத்தில் தன் குரலை மற்றவர் குரலுக்குள் அடக்கியே ஆக வேண்டும். இல்லையென்றால் இசை குலைந்துவிடும். புரவலரின் நோக்கம் எதுவானாலும் இந்தக் கட்டாயம் மாறுவதில்லை.

கடைசியாக, நம்பிக்கையற்றவர் அடையும் அனுபவத்தை ஆன்மிகம் என்று அழைக்கலாமா, அது அழகுணர்ச்சி மட்டும்தானே என்ற கேள்வி. பாடப்படும் சொல்லைவிடப் பாட்டே தம்மை அதிகம் அசைப்பதைப் பாவமாக எண்ணி வருந்தினார் புனித அகுஸ்தீன். ஆயினும் பாட்டைத் தேவாலயத்திலிருந்து விலக்க அவருக்கு மனம் வரவில்லை. அவருடைய தயக்கம் நியாயமானது. சொல்லின் உள்ளடக்கத்தை ஏற்பவருக்கு இந்த இசை வழிபாடாகிறது. ஏற்காதவருக்கு அது வழிபாடு அல்ல. இந்த வேறுபாட்டை அழிக்க முயல்வது இரு தரப்புக்கும் அவமரியாதை. ஆனால் வழிபாட்டுக்கு உள்ளடக்கம் இருப்பதுபோல நடைமுறையும் உண்டு: வலியை ஒப்புக்கொள்வது, அவசரப்படாமல் காத்திருப்பது, தன் துயரம் தனக்கு மட்டும் உரியதல்ல என்று உணர்வது, பிறர் சுமையில் தோள் கொடுப்பது. பல்குரல் இசை இந்த நடைமுறையைச் சுரங்களிலேயே எழுதி வைத்திருக்கிறது. நம்பிக்கை இல்லாதவரும் கேட்கும் நேரத்தில் அதற்குள் நடந்து பார்க்கிறார். அதை வெறும் அழகு என்று சுருக்குவது, அவருக்குள் நிகழ்ந்ததை முழுமையாகச் சொல்லாது.

தூய்மை என்ற புகழுரையில் அடைத்து, பின்னணி அமைதிக்கான ஓசையாக இந்த இசையைப் பயன்படுத்துவது அதற்கு இழைக்கும் அநீதி. அது மரணதண்டனையும் தடைச்சட்டமும் சாவும் நிறைந்த காலத்தில், அவற்றைத் தனியாகத் தாங்க முடியாதவர்களுக்காக எழுதப்பட்டது. இதை அணுக விரும்புபவர்கள் பேர்டின் நான்கு குரல் திருப்பலியின் இறுதிப் பகுதியிலிருந்து தொடங்கலாம். சொற்களின் தமிழ்ப் பொருளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் முறை ஒரே ஒரு குரலை மட்டும் இறுதிவரை தொடருங்கள். அடுத்த முறை வேறொரு குரலை. சேர்ந்து பாடும் வழக்கமுள்ள குழுக்கள் இன்னும் ஒரு படி முன்னே செல்லலாம். காப்புரிமைக் காலம் என்றோ கடந்துவிட்ட இந்த இசைப்படிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நான்கு பேர் சேர்ந்தால் பேர்டைப் பாடிவிடலாம். ஒருவர் மட்டும் எவ்வளவு திறமையாகப் பாடினாலும் முடியாது.